கொடிக்கயிற்றில் கட்டிய கூடாரம்

சுவிஸ் நாட்டின் லாங்கன்தால் நகரில் நான் கழித்த முதல் இரண்டு ஆண்டுகளிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலேயே முகச்சவரம் செய்து, சட்டைக்குக் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு சன்னலருகே அமர்ந்திருப்பது என் வழக்கமாக இருந்தது. எவரும் வரப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் எவரேனும் வந்துவிட்டால் என்னை இடுப்பில் கட்டிய சாரத்தோடு காணக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கடைகள் பூட்டியிருக்கும். அன்று துணி துவைப்பதற்குக்கூட அந்தக் கட்டடத்தில் அனுமதியில்லை. தேவாலய மணி ஓய்ந்தபின், மேல்மாடியில் யாரோ ஒருவர் உட்கார்ந்திருந்த கதிரையை நகர்த்தும் ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகக் காத்திருந்த நாள்களும் உண்டு.

ஊரில் நான் ஒரு கல்லூரியின் துணை அதிபராக இருந்தவன், பட்டதாரி. அங்கே நான் வீதியில் நடந்தால் சைக்கிளில் வருபவர்கள் இறங்கி நின்று வழிவிடுவார்கள். இங்கே ஒரு தொழிற்சாலையின் பொதியிடும் பகுதியில் அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு எழுதிய கடிதங்களில் ‘அலுவலகம்’ என்றே குறிப்பிட்டேன். அப்பகுதியின் மேற்பார்வையாளர் ஐம்பது வயதைக் கடந்த சுவிஸ்காரர், மனைவியை இழந்தவர், அளந்து பேசுபவர். என் பதிவுத்தாளில் பழைய தொழிலைக் கண்டதிலிருந்து அவர் என்னை ‘ஹெர் லேரர்’ என்று அழைத்துவந்தார். ஆசிரியர் ஐயா என்று பொருள். அந்த நாட்டில் என் பழைய பெயரின் எச்சமாக இருந்தது அவருடைய அந்த அழைப்பு ஒன்றுதான்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் அவர் தாம் மலையேறுவதைப் பற்றிச் சொன்னார். புத்தகத்தில் கற்ற என் ஜெர்மன் மொழியில், நானும் சாரணர் படைக்குப் பொறுப்பாக இருந்தவன் என்றும், பாசறைகள் பல நடத்தியவன் என்றும் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் அந்தப் பாசறைகளுக்குக் கூடாரங்களும் பாத்திரங்களும் லொறியில் போயின. மாணவர்கள் கட்டினார்கள், ஏற்றினார்கள், இறக்கினார்கள். நான் கையில் பிரம்போடு பக்கத்தில் நின்றேன். இந்தப் பகுதியை அவரிடம் சொல்ல வேண்டிய தேவை இருந்ததாக அன்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரங்கள் கழித்து, ஆடி மாத நடுவில், தம்மோடு ஒரு சனியும் ஞாயிறும் மலைக்கு வருமாறு அவர் அழைத்தார். தம் மைத்துனருக்கு மேய்ச்சல் நிலம் ஒன்று இருப்பதாகவும், அதில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்றும் கூறினார். அந்த நாட்டில் எனக்கு வந்த முதல் அழைப்பு அது. அன்று மாலை வீட்டுக்கு நடந்து வரும்போது நான் என்ன எண்ணினேன் என்பதை மறைப்பதற்கில்லை. இது நல்லபடியாக நடந்தால் இன்னொரு ஞாயிறு கிடைக்கும், அதன்பின் இன்னொன்று. சன்னலருகே அமர்ந்திருக்க வேண்டியதில்லை.

என் அறைத்தோழரையும் அவர் அழைத்திருந்தார். அறைத்தோழர் அதே பகுதியில் என்னோடு வேலை செய்தவர், என் வயதினர், ஊரில் லொறி ஓட்டியவர். வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக் கொழும்புக்கு இருபது ஆண்டுகள் போய்வந்தவர். அத்தனை ஆண்டுகளில் தம் லொறியிலிருந்து ஒரு மூட்டைகூட வழியில் விழுந்ததில்லை என்பது அவர் தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லும் ஒரே செய்தி. ஞாயிறுகளில் அவர் பாசல் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்குச் சீட்டாடப் போய்விடுவார். தொடக்கத்தில் என்னையும் கூப்பிட்டார். நான் சீட்டாடுவதில்லை என்று சொன்ன தொனியில், அவர் பிறகு கூப்பிடவில்லை. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் ஒரே கூரையின்கீழ் உறங்கியிருக்க மாட்டோம். அதை இருவரும் அறிந்திருந்தோம், இருவரும் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மேற்பார்வையாளர் சுமைகளைப் பிரித்துக் கொடுத்தார். உணவும் அடுப்பும் அவருக்கு. போர்வைகளும் தண்ணீரும் அறைத்தோழருக்கு. மூவருக்கும் பொதுவான கூடாரத்தை, பாசறை நடத்திய அனுபவம் கருதி, என்னிடம் ஒப்படைத்தார். தம்முடைய பழைய கன்வஸ் முதுகுப்பை ஒன்றையும், தோல்வார்கள் நான்கையும் தந்தார். கூடாரம் ஒரு கைக்குழந்தையின் பருமனும் அதைவிட இரண்டு மடங்கு நீளமும் கொண்ட சுருள். பைக்குள் அது போகாது. வெளியேதான் கட்ட வேண்டும்.

அந்தச் சுருளோடு நான் படுக்கைப் பாயையும், ஓர் அலுமினியப் பானையையும் சேர்த்தேன். மூவருக்கும் ஒரு பாத்திரம் போதும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். ஆனால் அவர் இறைச்சி சமைக்கும் பாத்திரத்தில் நான் உண்ண முடியாது. அரிசி, பருப்பு, உப்பு, என் பானை ஆகியவற்றை நானே கொண்டுபோவது என்று முடிவுசெய்தேன்.

கட்டிலில் படுத்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அறைத்தோழர் சிரித்தார்.

“மலையிலை போய் ஆர் மாஸ்ரர் உங்களைப் பாக்கப்போகினம்?”

“நான் பாப்பன்,” என்றேன்.

 நான் அந்தத் தோல்வார்களை எந்தக் கொளுவியில் மாட்டுவது என்று தெரியாமல் புரட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு அவர் எழுந்து வந்தார்.

“கொண்டாங்கோ, நான் கட்டித்தாறன். அஞ்சு நிமிச வேலை.”

“தேவையில்லை. இதென்ன உம்மட லொறியே?”

அவர் கையை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார். அந்தச் சொல் என் வாயிலிருந்து போன வேகத்தை நான் இன்றும் உணர்கிறேன். அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு சிறு சொல் போதுமாயிருந்தது. நான் தோல்வார்களை ஒதுக்கிவைத்துவிட்டு, குளியலறையில் துணி காயப்போட்டிருந்த நைலோன் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்தேன். ஊரில் சைக்கிள் கரியரில் பாயும் தலையணையும் கட்டுவதைப் போல, கூடாரச் சுருளைப் பைக்குக் குறுக்காக, இருபுறமும் ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துக் கயிற்றைச் சுற்றினேன். அதன்மேல் பாயைக் கட்டினேன். பானையைப் பின்புறம் தொங்கவிட்டேன். முடிச்சுகள் பலவாக இருந்தால் பலமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

மறுநாள் ரயிலிலிருந்து இறங்கி, மஞ்சள் நிறத் தபால் பேருந்தில் ஏறி, பாதை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். என் முதுகைப் பார்த்த மேற்பார்வையாளர், சற்று மாற்றிக் கட்டலாமா என்று கயிற்றைத் தொட்டார். நன்றாக இருக்கிறது, பழக்கமான முறை என்று பதிலளித்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு முன்னே நடந்தார். அறைத்தோழர் நடுவிலும் நான் கடைசியிலும் போனோம். கடைசி இடத்தை நானே தேர்ந்துகொண்டேன். மூச்சிரைப்பதை எவரும் காணாத இடம் அது.

பானை ஒவ்வோர் அடிக்கும் என் தேநீர்க் குவளையில் மோதிக் கலகலத்தது. எதிரே இறங்கி வந்த சுவிஸ் தம்பதியர் “கிரூஸெக்” என்று வணங்கிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கடந்தார்கள். மணியடித்துக்கொண்டு ஐஸ் பழ வண்டி வருகிறது என்று அறைத்தோழர் திரும்பாமலே சொன்னார். நான் நின்று, முகம் துடைக்கும் துவாயைப் பானைக்கும் குவளைக்கும் இடையில் திணித்தேன். சத்தம் நின்றது. நின்றது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மேய்ச்சல் நிலத்தின் எல்லையில், மாடுகள் வெளியேறாமலும் மனிதர் மட்டும் வளைந்து புகும்படியாகவும் மரத்தால் அமைத்த ஒடுங்கிய வாசல் ஒன்று இருந்தது. மற்ற இருவரும் புகுந்து போய்விட்டார்கள். குறுக்காகக் கட்டியிருந்த கூடாரம் இரு கம்பங்களுக்கிடையில் சிக்கி என்னை நிறுத்தியது. முன்னுக்கும் போக முடியவில்லை, பின்னுக்கும் போக முடியவில்லை. ஒரு பசு அருகில் வந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கூப்பிட்டிருந்தால் அவர்கள் திரும்பியிருப்பார்கள். நான் கூப்பிடவில்லை. உடலை முறுக்கி, பலத்தை எல்லாம் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதன்பின் நடை எளிதாயிற்று. சிறிது தூரத்தில் சுமை இலேசானதாகவே உணர்ந்தேன். உடல் பழகிவிட்டது, இளமையில் நடந்த நடை இன்னும் கால்களில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நிமிர்ந்து நடந்தேன். அந்த ஒரு மணி நேரமே அந்த நாட்டில் நான் மகிழ்ச்சியோடு நடந்த முதல் மணி நேரம் என்று சொன்னால் மிகையாகாது.

மரத்தைக் குடைந்து செய்த தண்ணீர்த் தொட்டி ஒன்றின் அருகே ஓய்வுக்காக நின்றோம். மேற்பார்வையாளர் தொட்டியின் மறுபுறம் போய்ப் போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தார். முன்னே போயிருந்த அறைத்தோழர், என் பின்புறமாகச் சுற்றி வந்தவர், அப்படியே நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“மாஸ்ரர், கூடாரம் எங்கை?”

கையைப் பின்னால் கொண்டுபோனேன். பாயும் பானையும் இருந்தன. அவற்றுக்குக் கீழே கயிறு வெறுமையாகத் தொங்கியது.

கூடாரம் மூவருக்கும் உரியது. மேற்பார்வையாளரின் சொந்தப் பொருள். என் அனுபவத்தை நம்பித் தரப்பட்டது. இனி ‘ஹெர் லேரர்’ என்று அவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் ஒரு புன்னகை இருக்கும். அதைவிடப் பெரிதாக, இன்னொரு ஞாயிறு இல்லை. இவை அத்தனையும் என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அறைத்தோழர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். தொட்டியின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ. நான்தான் கட்டினது எண்டு சொல்லுறன். உந்த மாட்டு வாசலடியிலைதான் விழுந்திருக்கும். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“நீர் ஏன்…” என்று தொடங்கினேன்.

“எனக்கென்ன, லொறிக்காரன்தானே.”

முந்தைய நாளின் என் சொல்லை அவர் திருப்பித் தந்தாரா, அல்லது வெறுமனே சொன்னாரா என்று அவர் குரலிலிருந்து அறிய முடியவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தமைக்கு அந்த மௌனமே காரணம்.

அவர் தொட்டியைச் சுற்றிப் போய், காதால் கேட்டுப் பழகிய வட்டார ஜெர்மன் மொழியில், கூடாரத்தைத் தாம் கட்டியதாகவும் அது அவிழ்ந்துவிட்டதாகவும் சொன்னார். மேற்பார்வையாளர் முதலில் வியந்தார். பிறகு, சற்றே எரிச்சலோடு, லொறி ஓட்டியவனுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியாதா என்று கேட்டார். அறைத்தோழர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். இருபது ஆண்டுகளில் ஒரு மூட்டையும் விழவிடாத மனிதர் அவர். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த நீர் என்பதால் மெதுவாகக் குடித்தேன்.

அவர் ஒன்றரை மணி நேரத்தில் கூடாரத்தோடு திரும்பினார். யாரோ ஒரு வழிப்போக்கர் அதை எடுத்து, போவோர் வருவோர் காணும்படி வேலிக் கம்பத்தில் நிறுத்திவைத்துவிட்டுப் போயிருந்தாராம். மாலையில் கூடாரம் அடித்து முடிந்தபின், மேற்பார்வையாளர் அவரை அருகில் அழைத்தார். பாரமான பொருள் முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். எதுவும் தோளின் அகலத்துக்கு வெளியே நீளக்கூடாது. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வார்கள். சுமையை முழங்காலால் அழுத்திப் பிடித்து இழுத்த பின்னரே கொளுவ வேண்டும். எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்து காட்டினார். அறைத்தோழர் கேள்வி கேட்டார். தவறாகச் செய்து திருத்திக்கொண்டார். நல்ல மாணவனைப் போல நடந்துகொண்டார். நான் இருபத்தைந்து ஆண்டுகள் மாணவர்களைப் பார்த்தவன். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பவனின் முகம் எனக்குத் தெரியும்.

பிறகு அவர்கள் இருவரும் ஒரே சட்டியில் சொசிச் இறைச்சி பொரித்து உண்டார்கள். நான் பத்தடி தள்ளி, என் பானையில் வெந்த சோற்றைத் தனியே உண்டேன். மேற்பார்வையாளர் என் பாசறைகளைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அறைத்தோழருக்கு அந்தக் கதைகளின் லொறிப் பகுதி தெரிந்திருந்தது. ஒருமுறை எங்கள் கல்லூரிச் சாமான்களை ஏற்றிப்போனது தம் முதலாளியின் லொறிதான் என்று அவரே முன்பு என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொசிச் துண்டை மென்றபடி மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அஞ்சியது நடக்கவில்லை, விரும்பியது நடந்தது. ஆவணி முடிவில் மேற்பார்வையாளர் என்னை மறுபடி அழைத்தார். இம்முறை இருவர் மட்டும் போவோம் என்றார். அவன் நல்லவன்தான், ஆனால் கவனமில்லாதவன் என்று காரணமும் சொன்னார். அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை மௌனமாக இருந்தவனுக்கு இரண்டாம் முறை அது கடினமாக இருப்பதில்லை.

இதற்கிடையில் அறைத்தோழருக்கு லோசான் நகருக்கு இடம் மாறுவதற்கான அனுமதிக் கடிதம் வந்தது. அங்கே மருத்துவமனை ஒன்றில் துப்புரவு வேலை. அவருடைய மனைவியின் தமையன் ஏற்பாடு செய்திருந்தார். அவர் புறப்படும் நாளும் நான் மலைக்குப் போகும் சனிக்கிழமையும் ஒன்றாக அமைந்தன. மலைப்பயணத்தைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கலாம். அவரை ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டிருக்கலாம். அவருக்கு அந்த ஊரில் வழியனுப்ப வேறு எவரும் இல்லை. நான் கேட்கவில்லை.

அன்று காலை அவருடைய சூட்கேஸ் கதவருகே இருந்தது. நான் முதுகுப்பையையும் கூடாரத்தையும் தோல்வார்களையும் தரையில் பரப்பிவைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் காட்டிய பாடத்தை நான் சோறு உண்டுகொண்டு பார்த்திருந்தேனே அன்றிக் கற்றுக்கொள்ளவில்லை. என் ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாய்விட்டுக் கேட்க எனக்கு வரவில்லை. கொடிக்கயிற்றை எடுத்து, அவர் இருந்த பக்கமாகத் தரையில் வைத்தேன். நான் கேட்ட விதம் அவ்வளவுதான்.

அவர் காலில் மாட்டியிருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து குந்தினார். சுருளை நெடுக்காக நிறுத்தி, முழங்காலால் அழுத்தி, இரண்டு வார்களைக் கொளுவி, அதன்மேல் கொடிக்கயிற்றை ஒரே ஒரு முடிச்சால் இறுக்கினார். லொறியில் தார்ப்பாய் கட்டும் முடிச்சு. கண்ணுக்கு அது முடிச்சாகவே தெரியவில்லை.

“உந்த நுனியைப் பிடிச்சு ஒருக்கா இழுத்தால் முழுக்க அவிழும். மற்றப்படி ஆனை இழுத்தாலும் வராது. பானை எங்கை?”

“இந்தமுறை பானை கொண்டுபோகேல்லை.”

“ஏன்?”

“பாணும் சீஸும் போதும்.”

 அவர் பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டு, பின்னால் நின்று இரண்டு தரம் தட்டிப் பார்த்தார்.

“போயிட்டு வாங்கோ மாஸ்ரர். நான் பத்து மணி ரெயினிலை போறன். கதவைப் பூட்டித் திறப்பைத் தபால்பெட்டிக்குள்ளை போட்டுவிடுறன்.”

“சரி,” என்றேன். சுகமாகப் போய் வாரும் என்றுகூடச் சொல்லவில்லை. படியிறங்கிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. பையோடு திரும்பி மாடியேறுவது அப்போது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

அந்தச் சுமை நான்கு மணி நேரம் என் முதுகின் ஒரு பகுதியாக இருந்தது. மாட்டு வாசலில் உரசாமல் புகுந்தேன். மேலே போனபோது சாரல் தொடங்கியது. மேற்பார்வையாளர் அவசரமாகக் கூடாரத்தை அவிழ்க்க வந்தவர், அந்த முடிச்சைக் கண்டு நின்றார். விரலால் தடவிப் பார்த்தார். நுனியை இழுத்தார், கயிறு முழுவதும் ஒரே இழுவையில் கழன்று அவர் கையில் விழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. இதுதான் கட்டு, ஹெர் லேரர், இதை நீங்கள் அந்த மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்றார்.

மழையில் நின்றபடி நான் சொன்னேன். என் ஜெர்மன் வாக்கியங்கள் வழமையாக இலக்கணப்படி அமைபவை. அன்று அமைந்தனவா என்று தெரியாது. இதைக் கட்டியவர் என் அறைத்தோழர். ஆடி மாதத்தில் கட்டியவன் நான். என் பாசறைச் சாமான்கள் எல்லாம் லொறியில் போனவை. மூன்று செய்திகளையும் சொல்லி முடித்தேன்.

அவர் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். ஏன் இப்போது சொல்கிறீர்கள் என்று கேட்டார்.  நான் அவனைப் பள்ளிப்பிள்ளையைப் போல இருத்திவைத்துப் பாடம் சொன்னேனே என்றார். பிறகு, திங்கட்கிழமை அவனிடம் பேசுகிறேன் என்றார்.

அவர் இன்று காலை லோசானுக்குப் போய்விட்டார் என்றேன்.

எத்தனை மணிக்கு என்று கேட்டு, அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த மலையிலிருந்து எந்த ரயிலையும் பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். நானும் என் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரை ஆகியிருந்தது.

நாங்கள் சண்டையிடவில்லை. கூடாரம் அடித்தோம், பாணும் சீஸும் உண்டோம், காலநிலையைப் பற்றிப் பேசினோம். மறுநாள் இறங்கும்போது அவர் வழக்கம்போல முன்னே நடந்தார். ஒரு திருப்பத்தில் கால் வழுக்கும், கவனம் என்று என்னைத் திரும்பி எச்சரித்தார். அப்போது ‘ஹெர்’ என்பதோடு என் குடும்பப் பெயரைச் சேர்த்துச் சொன்னார். அதன்பின் அவர் என்னை ஆசிரியர் என்று அழைக்கவில்லை. அதில் கோபம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மூன்றாவது அழைப்பு வரவில்லை. லோசான் முகவரியைக் கேட்டு வாங்கினார். என்ன எழுதினார், எழுதினாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் எழுதினேன், இரண்டு பக்கங்கள், அவற்றில் நலம் விசாரித்திருந்தேன்.

நனைந்த கூடாரத்தைக் காயவைத்துத் தருவதாகச் சொல்லி அன்று நானே வாங்கிக்கொண்டு வந்தேன். தபால்பெட்டிக்குள் திறப்பு இருந்தது. அறையில் அவருடைய கட்டிலின் விரிப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சுவரில் அவர் ஒட்டியிருந்த நாட்காட்டியும் இல்லை. சன்னல் கொளுவியிலிருந்து அலுமாரிக் கதவுவரை கொடிக்கயிற்றைக் கட்ட முயன்றேன். அவருடைய முடிச்சை நினைவுபடுத்திப் பார்த்தேன், வரவில்லை. என் வழக்கப்படி ஐந்தாறு முடிச்சுகள் போட்டேன். கூடாரத்தை விரித்துத் தொங்கவிட்டபோது அது அவருடைய கட்டில் இருந்த பாதி அறையை முழுவதும் மறைத்துக்கொண்டது.

ஞாயிறு பிற்பகல். மேல்மாடியில் கதிரை நகர்ந்தது. ஈரத் துணியிலிருந்து நீர் தரையில் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டு, கழுத்துப்பட்டி இல்லாமல், என் பக்கத்தில் அமர்ந்திருந்தேன்.